சிறார்க்குக் களம் அமைத்த சங்கர்

தோற்றுவாய்

நம் இலக்கிய வட்டம் பத்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் கேட்டபோது, சங்கப் பாடல்களிலோ காப்பியங்களிலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்ளவே முதலில் எண்ணினேன். ஆயினும் வட்டத்தின் பத்தாண்டுப் பணிகளைத் திரும்பிப் பார்க்குங்கால், உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்காக நாம் நடத்திவரும் ஓவியப் போட்டியும் கட்டுரைப் போட்டியுமே என் கண்முன் நின்றன. அதற்குக் காரணம் பெருமிதம் மட்டுமன்று. என் நெஞ்சை உறுத்தும் ஒரு தவறும் அதிலுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய போட்டியொன்றுக்கு நான் நடுவராக அமர்ந்தேன். கொடுக்கப்பட்ட தலைப்பு மழை. ஒரு மாணவனின் கட்டுரை பிழையின்றி, முத்துப் போன்ற கையெழுத்தில், இலக்கிய மேற்கோள்களுடன் விளங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரையிலோ வரிக்கு வரி சந்திப்பிழை. மழை பொய்த்த ஆண்டில் தன் வீட்டு ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்ற நாளை அவள் எழுதியிருந்தாள். ஆடுகளைக் கொடுத்துவிட்டுக் கயிறுகளை மட்டும் கழற்றிக்கொண்டு பாட்டி வீடு திரும்பியதையும், அக்கயிறுகள் வெகுநாள் கொல்லைச் சுவரில் தொங்கியதையும் கூறி முடித்திருந்தாள். நான் முன்னதற்கே முதற்பரிசு அளித்தேன். பின்னதற்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. மறு ஆண்டு வேறோர் ஊரில் நடந்த போட்டியில், அதே மழைக் கட்டுரை வரி மாறாமல் வேறொரு மாணவன் பெயரில் என் கைக்கு வந்தது. அன்றுதான், யாரோ பெரியவர் எழுதிக் கொடுத்த எழுத்துக்குப் பரிசளித்து, ஒரு சிறுமி தானே எழுதிய எழுத்தைத் தள்ளிவிட்டேன் என்பதை உணர்ந்தேன்.

சிறார் போட்டி என்பது எதற்காக என்ற வினா அன்று எனக்குள் எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடியபோது ஒரு மனிதரின் வாழ்க்கை எதிர்ப்பட்டது. சிறுவர் சிறுமியர்க்கான ஓவிய, எழுத்துப் போட்டியை 1949ஆம் ஆண்டிலேயே தொடங்கி உலகளாவியதாக வளர்த்தவர். இந்திய அரசியல் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் போற்றப்படுபவர். சங்கர் என்ற சுருக்கப் பெயரால் நாடறிந்த கேசவ சங்கர பிள்ளை. அவர்தம் வரலாற்றை, அப்போட்டியை நடுவாக வைத்து எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

அன்றைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த காயங்குளத்தில் 1902ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் சங்கர் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே படம் வரைவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஒருநாள் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் அயர்ந்து உறங்கிப் போனார். சிறுவன் சங்கரன் அந்த உறக்கக் கோலத்தை அப்படியே தாளில் வரைந்துவிட்டான். அதுவே அவர் வரைந்த முதற் கேலிச்சித்திரம் என்பர். படம் தலைமையாசிரியரின் பார்வைக்குச் சென்றது. அவர் கடுஞ்சினம் கொண்டார். ஆனால் சிறுவனின் மாமாவோ, அப்படத்தில் குறும்பை மட்டும் காணவில்லை. அதற்குள் ஒரு கலைஞன் ஒளிந்திருப்பதையும் கண்டார். மேலும் வரையுமாறு ஊக்கினார்.

இந்நிகழ்ச்சி சிறிதேயாயினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஒரே படத்தை இருவர் பார்த்தனர். ஒருவர் ஒழுங்கீனம் என்றார்; மற்றவர் திறமை என்றார். ஒரு குழந்தையின் கையிலிருந்து வருவதை முதலில் பார்க்கும் பெரியவர் யார் என்பதைப் பொறுத்தே அக்குழந்தையின் எதிர்காலம் பெரிதும் அமைகிறது. பிற்காலத்தில் உலகெங்கிலுமுள்ள சிறாரின் படங்களை விரும்பி வரவழைத்துப் பார்த்தவர், தம் முதற் படத்துக்காகச் சினத்துக்கு ஆளான சிறுவரே என்பதை நினைவில் இருத்த வேண்டும்.

பள்ளிக் கல்வி முடிந்தபின் மாவேலிக்கரையிலிருந்த இரவிவர்மா ஓவியப் பள்ளியில் சங்கர் ஓவியம் பயின்றார். நாடகம், சாரணர் இயக்கம், இலக்கியக் கூட்டங்கள் என எல்லாவற்றிலும் ஈடுபாடு உடையவராக இருந்தார். வெள்ள நிவாரணத்துக்கு நிதி திரட்டும் பணியிலும் முன்னின்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் மகாராசா அறிவியல் கல்லூரியில் பயின்று 1927இல் பட்டம் பெற்றார்.

தூரிகையே தொழிலானமை

பட்டம் பெற்ற இளைஞர் சட்டம் பயிலும் எண்ணத்துடன் பம்பாய்க்குச் சென்றார். ஆனால் சட்டப் படிப்பு நிறைவேறவில்லை. இடையிலேயே அதனை விடுத்துப் பணியில் அமர்ந்தார். கப்பல் நிறுவன அதிபர் நரோத்தம் மொரார்ஜியிடம் செயலராகப் பணியாற்றிக்கொண்டே, ஓய்வு நேரங்களில் கருத்துப்படங்கள் வரைந்து பத்திரிகைகளுக்கு அனுப்பலானார். ஃப்ரீ பிரஸ் ஜர்னல், பம்பாய் கிரானிக்கிள் ஆகிய நாளிதழ்களில் அவை வெளிவந்தன.

அக்காலத்தில் கருத்துப்படம் என்பது இந்திய நாளிதழ்களுக்குப் பெரிதும் புதிய துறையாகவே இருந்தது. தமிழில் பாரதியார் தாம் ஆசிரியராக இருந்த இந்தியா வார இதழில் 1906 முதலே கருத்துப்படங்களைக் கையாண்டு வழிகாட்டியமை நாம் அறிந்ததே. எனினும் ஒரு நாளிதழ் கேலிச்சித்திரக்காரரை முழுநேரப் பணியாளராக அமர்த்திக்கொள்வது அரிதாக இருந்தது. 1932இல் தில்லி இந்துஸ்தான் டைம்ஸ் இதழின் ஆசிரியராக விளங்கிய போத்தன் ஜோசப், சங்கரைத் தம் இதழுக்கு அழைத்துக்கொண்டார். சங்கர் குடும்பத்துடன் தில்லியில் குடியேறினார். 1946 வரை அவ்விதழில் அவர் தூரிகை ஓயாது உழைத்தது.

ஆங்கில ஆட்சியின் உச்சியில் இருந்த அரசப் பிரதிநிதிகளான வில்லிங்டனும் லின்லித்கோவும் அவருடைய படங்களில் கேலிக்கு உள்ளாயினர். ஆயினும் அவர்களே அப்படங்களைச் சுவைத்தனர் என்பது சங்கரின் கேலியில் நஞ்சு கலவாமைக்குச் சான்றாகும். இடையே ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் இலண்டனில் தங்கி ஓவிய நுணுக்கங்களைக் கற்றார். பெர்லின், உரோம், வியன்னா, ஜெனீவா, பாரிசு முதலிய நகரங்களையும் கண்டு திரும்பினார். அவர் திரும்பியபோது நாடு விடுதலைப் போரின் நடுவே இருந்தது. வரைவதற்குப் பொருள் தேடவேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

சங்கர்ஸ் வீக்லி

விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948 மே மாதத்தில், கேலிச்சித்திரங்களுக்கென்றே சங்கர்ஸ் வீக்லி என்னும் ஆங்கில வார இதழைச் சங்கர் தொடங்கினார். அதனை வெளியிட்டவர் பிரதமர் ஜவகர்லால் நேரு. தம்மையும் விட்டுவைக்க வேண்டா என்று நேரு சங்கரிடம் கேட்டுக்கொண்டார் என்பது அனைவரும் அறிந்த செய்தி. சங்கரும் விட்டுவைக்கவில்லை. நேருவை அவர் வரைந்த படங்கள் பின்னாளில் தனி நூலாகத் தொகுக்கத் தக்க அளவு பெருகின. நேரு மறைவதற்குப் பத்து நாள்களுக்கு முன், 1964 மே 17இல் வெளிவந்த படம் குறிப்பிடத்தக்கது. மெலிந்து தளர்ந்த நேரு கையில் தீப்பந்தத்துடன் ஓடுகிறார். அவருக்குப் பின்னே, அடுத்து அதனை ஏந்தக்கூடியவர்கள் ஓடி வருகின்றனர். அவர்களுள் இலால் பகதூர் சாத்திரியும் இந்திரா காந்தியும் உளர். வரும் நாளை அப்படம் முன்னரே கண்டுகொண்டது போலும் என்று வியக்கத் தோன்றும்.

அவ்விதழ் ஒரு பயிற்சிக்கூடமாகவும் விளங்கியது. ஆபு ஆபிரகாம், ஓ.வி. விசயன், குட்டி, யேசுதாசன் முதலிய கேலிச்சித்திரக் கலைஞர்கள் சங்கரின் நிழலில் வளர்ந்தவர்களே. இருபத்தேழு ஆண்டுகள் நடந்த இதழை, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975ஆம் ஆண்டில், ஆகஸ்டு 31ஆம் நாளோடு சங்கர் நிறுத்திக்கொண்டார். தனிமனித ஆட்சிகளால் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள இயலாது என்ற கருத்தை அவருடைய விடைபெறும் தலையங்கம் புலப்படுத்தியது.

ஒரு படமும் ஒரு காயமும்

ஒருவர் வரலாற்றை எழுதும்போது புகழை மட்டும் தொகுத்துக் குறையை மறைத்தல் அறமாகாது. சங்கர் 1949இல் வரைந்த படம் ஒன்று, அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின் பெரும் வேதனையை எழுப்பியது. அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கும் பணி காலந்தாழ்ந்தமையை அப்படம் கேலி செய்தது. அரசமைப்பு ஒரு நத்தையாகக் காட்டப்பட்டது. அதன்மேல் அண்ணல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்க, பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கி நின்றார். பதினொன்றாம் வகுப்புக்கான தேசியப் பாடநூல் ஒன்றில் இப்படம் சேர்க்கப்பட்டிருந்தது. 2012இல் நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழவே, அதனை நீக்குவதாக அரசு அறிவித்தது.

வரைந்தவர் நத்தையைத்தான் கருதினார். நேருவின் சாட்டை நத்தையை நோக்கியதே என்று கூறுவார் உளர். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடியை உடலில் அறிந்த மக்களுக்கு, தம் தலைவரின் முதுகுப்புறம் ஓங்கிய சாட்டை வெறும் உருவகமாகத் தோன்றவில்லை. அவர்தம் வருத்தம் பொருளற்றதன்று. வரைபவன் கருதும் பொருளும் பார்ப்பவன் கொள்ளும் பொருளும் வேறாகும்போது, பார்ப்பவன் பட்டதையும் கணக்கில் கொள்ளவேண்டும். படத்தையும் எழுத்தையும் மாணவர் கையில் தரும் ஆசிரியர்கள் இதனை மறத்தலாகாது.

போட்டியின் தொடக்கம்

அதே 1949ஆம் ஆண்டில்தான் சங்கர் தம் வாழ்வின் மற்றொரு பணியைத் தொடங்கினார். பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறார்க்காக ஓவியப் போட்டியையும் எழுத்துப் போட்டியையும் தம் இதழின் வாயிலாக அறிவித்தார். முதலாண்டு இந்தியச் சிறார்க்கு மட்டுமாக நடந்த போட்டி, அடுத்த ஆண்டே பிற நாட்டுச் சிறார்க்கும் திறந்துவிடப்பட்டது. காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓவியங்களும் கதை, கவிதை, கட்டுரைகளும் தில்லிக்கு வந்து குவிந்தன.

அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் வெளிவந்த சிறுவர் சிறப்பிதழில் நேரு குழந்தைகளுக்கு ஒரு மடல் எழுதினார். சப்பான் நாட்டுச் சிறார் தம்மிடம் யானை கேட்டதையும், இந்தியக் குழந்தைகளின் சார்பில் யானை ஒன்றை அனுப்பி வைத்ததையும் அதில் அன்புடன் கூறியிருந்தார். பெரும்போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நாடுகள் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய அந்நாளில், ஒரு நாட்டுக் குழந்தையின் படத்தை மற்றொரு நாட்டுக் குழந்தை பார்ப்பதற்கு வழி செய்தமை சிறு செயலன்று.

இப்போட்டியின் அமைப்பில் மூன்று கூறுகள் நாம் கற்றுக்கொள்ளத் தக்கவை.

முதலாவது, ஓவியமும் எழுத்தும் ஒரே போட்டியின் இரு கைகளாக வைக்கப்பட்டமை. நம் பள்ளிகளில் கட்டுரை நன்கு எழுதும் பிள்ளை அறிவுடைய பிள்ளை. படம் வரையும் பிள்ளை பொழுதுபோக்கும் பிள்ளை என்ற எண்ணம் இன்னும் அகன்றபாடில்லை. சங்கரோ இரண்டையும் சமமாக மதித்தார்.

இரண்டாவது, படைப்பு அந்தச் சிறுவனுடையதாகவே இருத்தல் வேண்டும் என்ற உறுதி. அஞ்சலில் வரும் படத்தில் பெரியவர் கை எங்கே பட்டிருக்கிறது என்று அறிவது எளிதன்று. 1952இல் சங்கர், களத்திலேயே அமர்ந்து வரையும் ஓவியப் போட்டியையும் ஏற்படுத்தினார். குழந்தைகள் ஒரே இடத்தில் கூடி, அனைவர் கண்முன்னும் வரைவர். தந்தையின் தூரிகைக்கோ ஆசிரியரின் திருத்தத்துக்கோ அங்கு இடமில்லை. கோடு கோணலாக இருக்கலாம். ஆனால் அது அக்குழந்தையின் கோணல்.

மூன்றாவது, அச்சு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓவியங்களும் எழுத்துகளும் சிறுவர் ஓவிய மலராக ஆண்டுதோறும் அச்சிடப்பெற்றன. பரிசுப் பதக்கங்கள் ஒருசிலர்க்கே கிடைக்கும். அவை பெட்டிக்குள் சென்றுவிடும். ஆனால் ஒரு சிற்றூர்ச் சிறுமியின் படம் தொலைநாட்டுச் சிறுவனின் கவிதையோடு ஒரே நூலில் இடம்பெறும்போது, தன் கண்ணுக்குப் புலப்பட்டது உலகுக்கும் வேண்டியதே என்ற நம்பிக்கை அவளுக்குப் பிறக்கிறது. அந்த நம்பிக்கையே சங்கர் அளித்த பரிசுகளுள் தலையாயது எனத் துணிந்து கூறலாம்.

பொம்மைகளின் உலகம்

போட்டியிலிருந்து மற்றொரு கிளையும் பிரிந்தது. அங்கேரி நாட்டுத் தூதர், குழந்தைகள் போட்டியில் பரிசாகக் கொடுக்குமாறு ஒரு பொம்மையை நேருவிடம் அளித்தார். நேரு வழியாக அது சங்கரை வந்தடைந்தது. அந்நாட்டு உடையணிந்த அப்பொம்மையின் அழகு சங்கரின் உள்ளத்தைக் கவர்ந்தது. பிரதமருடன் வெளிநாடு செல்லும் பத்திரிகையாளர் குழுவில் ஒருவராகச் சென்றபோதெல்லாம், அந்தந்த நாட்டுப் பொம்மை ஒன்றை வாங்கி வரலானார். சில ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்கில் பெருகின. சிறாரின் ஓவியங்களுடன் அப்பொம்மைகளையும் ஊர் ஊராகக் கொண்டு சென்று கண்காட்சி வைத்தார். அடிக்கடி கட்டுவதாலும் பிரிப்பதாலும் பொம்மைகள் உடைந்தன. நிலையான இடம் ஒன்று வேண்டும் என்ற கருத்தை இந்திரா காந்தி தெரிவித்தார். அதன் பயனாகத் தில்லியில் பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் உருவாயிற்று. 1965 நவம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்துவைத்தார். எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள் பின்னாளில் அங்கு இடம்பெற்றன.

நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் அணிவகுத்து நிற்கும் மண் குதிரைகளைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, உருவங்களின் மொழி புதிதன்று. அதனை அருங்காட்சியகத்துக்கு உரிய கலையாக மதிக்கும் பார்வைதான் நமக்குப் புதிது.

நூல் அறக்கட்டளை

சிறார் வரைந்தால் மட்டும் போதாது. அவர்கள் படிப்பதற்கு நல்ல நூல்களும் வேண்டும் என்பதைச் சங்கர் உணர்ந்தார். 1957இல் குழந்தைகள் நூல் அறக்கட்டளையை நிறுவினார். வண்ணப்படங்களுடன், எளிய விலையில், நம் நாட்டுக் கதைகளையும் வாழ்க்கையையும் கூறும் நூல்களை அது வெளியிட்டது. அதன் இல்லமாகிய நேரு மாளிகையில் மருத்துவர் பி.சி. ராய் நினைவுக் குழந்தைகள் நூலகமும் இயங்கியது. 1968இல் சில்ட்ரன்ஸ் வேர்ல்டு என்ற சிறுவர் திங்களிதழ் தொடங்கப்பெற்றது. 1978இல் சிறுவர் நூல் எழுதும் எழுத்தாளர்க்கான போட்டி ஒன்றையும் ஏற்படுத்தினார். முதலில் ஆங்கில நூல்களுக்கும், பின்னர் இந்தி நூல்களுக்கும் அது நடைபெற்றது. சிறார்க்காக எழுதுவோரையும் வரைவோரையும் ஒருங்கிணைக்கும் சங்கம் ஒன்றை 1981இல் தோற்றுவித்தார்.

அவரும் சிறார்க்காக எழுதினார், படம் வரைந்தார். தாத்தாவுடன் வாழ்ந்த வாழ்க்கையைக் கூறும் அவருடைய நூல், தம் இளமைக்கால நினைவுகளைக் கொண்டு புனையப்பட்டது. தில்லியின் பெருந்தலைவர்களைக் கேலி செய்த அதே கை, கேரளச் சிற்றூரின் தாத்தாவையும் குறும்புக்காரப் பேரனையும் பரிவுடன் தீட்டியது.

இராயவரத்து நினைவு

சங்கரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நம் மாவட்டத்துப் பெருமகனார் ஒருவர் நினைவு உடன் எழுகிறது. திருமயத்தை அடுத்த இராயவரத்தில் 1922 நவம்பர் 7ஆம் நாள் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே அவர். சங்கர் தில்லியில் போட்டியைத் தொடங்கிய மறு ஆண்டு, 1950இல், வள்ளியப்பா சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். வங்கிப் பணியில் இருந்துகொண்டே சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியராக விளங்கினார். இந்திய ஆறுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் பல இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பெற்றது.

இருவர் பணியும் ஒன்றையொன்று நிரப்புவன. வள்ளியப்பா குழந்தைகளுக்காகப் பாடினார். சங்கர் குழந்தைகளையே பாடவும் வரையவும் வைத்தார். குழந்தைக்கு நல்லன ஊட்டுவது ஒரு பணி. குழந்தை தன் வாயால் கூறுவதைக் கேட்பது மற்றொரு பணி. முன்னதில் தமிழ்நாடு செழித்த அளவுக்குப் பின்னதில் செழிக்கவில்லை என்றே கருதுகிறேன். வள்ளியப்பா 1989 மார்ச்சு 16ஆம் நாளும், சங்கர் அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளும் மறைந்தனர். இந்தியச் சிறார் ஓராண்டுக்குள் இரு பெரும் துணைவர்களை இழந்தனர்.

பெற்ற சிறப்புகள்

சங்கருக்கு இந்திய அரசு 1956இல் பத்மசிறீ விருதும், 1966இல் பத்மபூசண் விருதும், 1976இல் பத்மவிபூசண் விருதும் வழங்கியது. மூன்றாம் விருது, அவர் நெருக்கடி நிலையில் இதழை நிறுத்திய மறு ஆண்டில் வந்தது என்பது எண்ணத்தக்கது. ஆனால் அவர் பெற்றவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது, 1977இல் போலந்து நாட்டுக் குழந்தைகள் வழங்கிய புன்னகை விருதே ஆகும். அவ்விருதுக்கு உரியவரைப் பெரியவர்கள் முன்மொழிவதில்லை, குழந்தைகளே முன்மொழிவர். முப்பதாண்டுக் காலம் குழந்தைகளுக்குப் பரிசளித்த கைக்கு, குழந்தைகள் பரிசளித்தனர். அவர் மறைந்தபின் 1991இல் இந்திய அஞ்சல் துறை அவர் படங்களைத் தாங்கிய அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவர் பிறந்த காயங்குளத்தில், கிருட்டிணபுரத்தில், அவர் பெயரால் கேலிச்சித்திர அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

நிறைவுரை

சங்கரின் வரலாற்றிலிருந்து நம் வட்டம் கொள்ளத்தக்கது யாது? பெரும்பொருளும் தில்லியின் செல்வாக்கும் நமக்கில்லை. ஆனால் அவர் கடைப்பிடித்த நெறிகளுக்குப் பொருட்செலவு வேண்டியதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து சில கல் தொலைவில் சித்தன்னவாசல் உள்ளது. அங்குள்ள குடைவரையின் கூரையில் தாமரைக் குளம் ஒன்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓவியர் தீட்டி வைத்தனர். மீனும் அன்னமும் யானையும் எருமையும் நீரில் திளைக்கின்றன. பூக்கொய்வோர் அவற்றினூடே நிற்கின்றனர். அவ்வோவியர் தாம் கண்ட குளத்தையே வரைந்தனர். அம்மலைக்கு அருகிலேயே வாழும் நம் பிள்ளைகளோ, போட்டி என்றதும் இரண்டு மலை, இடையில் பாதிச் சூரியன், ஓர் ஓடை, இரு தென்னை என்று ஒரே படத்தையே வரைகின்றனர். அது அவர்கள் குற்றமன்று. அப்படத்துக்கே நாம் பரிசளித்து வந்திருக்கிறோம். தங்கள் ஊர்க் கண்மாயையும், கருவேலங் காட்டையும், முந்திரித் தோப்பையும் வரையலாம் என்று அவர்களுக்கு நாம் சொன்னதில்லை.

கட்டுரையிலும் இதே நிலைதான். பிழையின்மை வேண்டும், தமிழாசிரியராகிய நான் அதனை மறுக்க மாட்டேன். ஆனால் சந்திப்பிழையைத் திருத்தலாம். இரவல் எழுத்தை எவ்வாறு திருத்துவது? ஆகவே, வரும் ஆண்டு முதல் நம் போட்டிகளில் மூன்று மாற்றங்களைச் செய்யுமாறு வட்டத்தினரைப் பணிவுடன் வேண்டுகிறேன். தலைப்பை முன்னரே அறிவியாமல் களத்திலேயே தருவோம். மதிப்பெண்ணில் செம்பாதியை, மாணவர் தாமே கண்டதற்கும் உணர்ந்ததற்கும் ஒதுக்குவோம். தேர்ந்த படைப்புகளை, பரிசு பெறாதவற்றையும் சேர்த்து, சிறு தொகுப்பாக அச்சிடுவோம்.

அன்று ஆட்டுக்கயிற்றைப் பற்றி எழுதிய மாணவியின் பெயர் என் நினைவில் இல்லை. விடைத்தாளும் என்னிடம் இல்லை. அவள் இப்போது எங்கிருக்கிறாள் என்றும் அறியேன். அவள் அதன்பின் எழுதினாளா, எழுதுவதை விட்டுவிட்டாளா என்ற கவலை மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை. உறங்கும் ஆசிரியரை வரைந்த சிறுவனுக்கு ஒரு மாமா வாய்த்தார். அந்த மாணவிக்கு வாய்த்திருக்க வேண்டியவள் நான். வாய்க்கத் தவறினேன். நம் போட்டிக்கு இனி வரும் பிள்ளைகளுக்கேனும் அந்தத் தவறு நேராமல் காப்போமாக.